வாய் வைக்காதவர்

பாறை விளிம்பில் நின்றபடி கஸ்தூரிரங்கன் தலையை முழுக்கப் பின்னுக்குச் சாய்த்து, எவர்சில்வர் பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் தண்ணீரைச் சரிக்கிறார். தொண்டை மட்டும் ஏறி இறங்குகிறது. அவருக்குப் பின்னால் இரண்டடியில் அதலபாதாளம். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். அவர் வாயை மூடியதும் கைதட்டுகிறார்கள்.

“கொஞ்சம் கீழயும் பாத்துண்டு குடியுங்கோளேன்” என்கிறார் மனைவி சாரதா.

“மேல பாத்தாத்தான் தண்ணி நேரா இறங்கும்.”

கஸ்தூரிரங்கன் பிளானோ நகரில் எங்கள் ஆபீஸில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். எனக்குப் பக்கத்து சீட். பார்ட்டிகளில் கோக்கைக்கூட இப்படித்தான் குடிப்பார். நுரை பொங்கினாலும் சட்டையில் ஒரு சொட்டு விழாது. எச்சில் விஷயத்தில் அவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடே கிடையாது. சாரதா பாதி குடித்து வைத்த காபியை, “அடடா, வீணாறதே” என்று மனமார வருத்தப்பட்டுக்கொண்டே ஸிங்க்கில் கொட்டுவார். “அவளுக்குப் பழகிப் போச்சு சார்” என்பார். சாரதா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீண்ட வாரயிறுதி ஒன்றில் மூவருமாக பிக் பெண்ட் பாலைவனத்துக்கு வந்திருந்தோம். பிறந்தநாளுக்கென்று மகன் பிரணவ் அவருக்கு ஒரு தண்ணீர்ப் பை வாங்கிக் கொடுத்திருந்தான். அதை முதுகில் மாட்டிக்கொண்டு, தோள்மேல் வரும் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும்.

“ஃபீடிங் பாட்டில் மாதிரி! பையன் ஃபீல் பண்ணுவானேன்னு சுமக்கறேன்” என்றார். ஆக, சுமக்கிற தண்ணீர் முதுகில், குடிக்கிற தண்ணீர் கையில்.

திரும்பும் வழியில் மறுபடி அண்ணாந்தபோது காலடியில் சரளை வழுக்கியது. நல்லவேளை, அவர் உட்கார்ந்தார், பாட்டில்தான் போனது. பள்ளத்தாக்குக்குள் அது இடறி இடறி விழுந்த சத்தத்தை மூவரும் நின்று கேட்டோம். என் தண்ணீரும் சாரதாவுடையதும் முன்பே தீர்ந்திருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. கார் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.

சாரதா யோசிக்கவேயில்லை. அவர் தோளில் தொங்கிய குழாயை இழுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். “அப்பாடா! நீங்களும் குடியுங்கோ.”

“நீ வாய் வெச்சுட்டியே!”

பையின் மூடியைத் திறந்து ஊற்றிக்கொள்ளலாம் என்றார் கஸ்தூரிரங்கன். வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரணவ் நிரப்பி இறுக்கிய மூடி எங்கள் யார் கைக்கும் மசியவில்லை. அடுத்து, நான் பையைத் தலைக்கு மேல் தூக்க, சாரதா குழாய் நுனியை அமுக்க, அவர் வாயைத் திறந்து அண்ணாந்து நின்றார். பீச்சியதில் பாதி மூக்கில் போயிற்று, மீதி காதில். இருமி ஓய்ந்ததும், “நோ ப்ராப்ளம். கார்ல ஐஸ் பாக்ஸே இருக்கு, நடங்கோ” என்றார்.

நடந்தார். வாய் ஓயாதவர், முதலில் தன் வழக்கமான கிரீன் கார்டு பேச்சை விட்டார். பிறகு எல்லாப் பேச்சையும் விட்டார். உதடு வெளுத்துவிட்டது, வியர்வைகூட நின்றுபோயிருந்தது. ஒரு பாறை நிழலில் அவர் கால் மடங்கி உட்கார்ந்த விதத்தைப் பார்த்து எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை.

சாரதா எதிரே மண்டியிட்டுக் குழாயை நீட்டினார்.

“காபியைக் கொட்டினேள், ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லை. உங்களுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா நான் என்னன்னா பண்ணுவேன்? என் எச்சல்தானே, விஷமா?”

அவர் குழாயின் நுனியையே பார்த்தார். சாரதாவே அவசரமாகத் துப்பட்டா நுனியை எடுத்துக் குழாயைத் துடைக்கப் போனார். கஸ்தூரிரங்கன் அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, துடைக்காத குழாயை அப்படியே வாயில் வைத்துக்கொண்டார்.