ரைட் சொல்கிற வேலை

மங்கம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஓகே, குட், சூப்பர், எஸ் மேடம். அப்புறம் ரைட். மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. ரைட் அப்படியில்லை. அதைச் சொன்னால் ஒரு வண்டி நகரும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

காவாந்தண்டலத்துக்காரி. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நடவும் களையெடுப்பும்தான். மடை உடைகிறது என்று வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் எந்த மகராசனும் திரும்பிப் பார்த்ததில்லை. கூலிக்காரி பேச்சு யார் காதில் ஏறும்? வீட்டிலோ, அவள் வாயைத் திறந்தாலே புருஷன் சின்னராசு டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவான். அப்படிப்பட்டவளுக்கு உத்திரமேரூரில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேன் ஆயா வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்து முதலாளியை எல்லோரும் கரஸ்பாண்டென்ட் என்பார்கள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "ஓகே" என்றார். நீலப் புடவை ஒன்று கொடுத்து அனுப்பினார்கள்.

வேலை இதுதான். வேன் நின்றதும் குழந்தையை இறக்க வேண்டும். வீடு எதிர்ப்பக்கம் என்றால் கையைப் பிடித்து, வண்டிக்கு முன்னால் நடத்திக் கூட்டிப்போய், பெற்றவள் கையில் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வந்து படியில் ஏறிக்கொண்டு "ரைட்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் டிரைவர் கதிர்வேல் கியர் போடுவான். முதல் நாள் அவள் வாயிலிருந்து அது வந்ததும் அவ்வளவு பெரிய வண்டி குலுங்கிக்கொண்டு புறப்பட்டதே, அவளுக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. அடேயப்பா, நான் சொல்லி ஒன்று நகர்கிறதே! சின்னராசுவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். "பெரிய கலெக்டரு இவ," என்று அவன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

கேடு விளையாட்டாகத்தான் வந்தது. ஷாரோன் என்று ஒரு வாண்டு, யூகேஜி. செவ்வந்தியின் மகள், இவள் ஊர்தான். அதுதான் முதலில் மங்கம்மாவோடு சேர்ந்து "ரைட்" என்றது. கேட்கச் சுகமாக இருந்தது. "சூப்பர்டி!" என்று மங்கம்மாவே கன்னத்தைக் கிள்ளினாள். யாரைக் குறை சொல்ல? மறுவாரம் பின்சீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேனே சேர்ந்து கத்தியது. "ரைட்! ரைட்! ரைட்!" டீச்சர்கள் ரசித்தார்கள். கதிர்வேல் ஹாரனில் தாளம் போட்டான்.

ஒரு நாள் அவள் படியில் ஒரு காலைத்தான் வைத்திருந்தாள். மற்றது தரையில். உள்ளே கூச்சல் கிளம்பியது, வேன் நகர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினாள்.

"இன்னா தம்பி, நான் இன்னும் சொல்லவே இல்லியே?"

"அதான் புள்ளைங்க சொல்லிச்சிங்களேக்கா. யாரு சொன்னா இன்னா, ரைட்டுன்னா ரைட்டுதான்."

வேன் முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசலில் வேன் நின்றிருந்தது. கதிர்வேல் டீ குடிக்கப் போயிருந்தான். முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கலாம் என்று மங்கம்மா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஷாரோனைக் காணோம்.

"ஷாரோனு! எங்கடி கீற?"

"இங்கதான் ஆயாம்மா கீறேன்!"

குரல் வண்டிக்கு நேர் முன்னாலிருந்து வந்தது. பிள்ளையைக் காணவில்லை. மங்கம்மா எழுந்து நின்று, கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கீழே பார்த்த பிறகுதான் சிவப்பு ரிப்பன் தெரிந்தது. பம்பரை ஒட்டி நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தது குழந்தை. அப்படியானால் டிரைவர் கண்ணுக்கு இதுகள் இல்லவே இல்லை. அவனுக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சொல் ஒன்றுதான்.

வண்டிக்கு முன்னால் நிற்கிற பிள்ளை தெரியாது, தான் சொன்னால்தான் எடுக்க வேண்டும் என்று கதிர்வேலிடம் சொன்னாள். "எத்தினி வருசமா ஓட்டிக்கினு கீறேன், எனுக்குத் தெரியாதா? சும்மா பேஜார் பண்ணாதக்கா," என்றான். கரஸ்பாண்டென்டிடம் போய் நின்றாள். அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓகே, ஓகே, சொல்லிடறேன்" என்றார். சொன்னாரோ இல்லையோ, மறுநாளும் அதே கூச்சல், அதே ஓட்டம். பொறுக்கமாட்டாமல் பிள்ளைகளை ஓர் அதட்டு அதட்டினாள். அதற்கு ஒரு வீட்டிலிருந்து புகார் வந்தது. "குழந்தைங்கள மிரட்டாதீங்க. ஓகேவா?" என்றார் தலைமை ஆசிரியை மேடம். "எஸ் மேடம்" என்றாள். வேறென்ன சொல்லத் தெரியும் அவளுக்கு? வெளியே வந்து தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து பிள்ளையை ஒப்படைத்ததும் படிக்கு ஓடிவருவாள். "ஏன்க்கா இப்டி ஓடற?" என்று செவ்வந்தி கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி" என்றாள். அவளிடமாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்றைக்கு மேகம் கவிந்திருந்தது. ஊர் நிறுத்தத்தில் ஷாரோனை இறக்கிக் கையைப் பிடித்து வண்டிக்கு முன்னால் வந்தாள். எதிர்ப்பக்கம் செவ்வந்தி குடையோடு நின்றிருந்தாள். பாதி வழியில் ஷூவின் பட்டை கழன்றுவிட்டது. குழந்தை அங்கேயே குந்திக்கொண்டது.

"எந்திரிடி, வூட்ல போய் போட்டுக்கலாம்."

"மாட்டேன்."

பிடிவாதக் கழுதை. சட்டென்று போட்டுவிட்டு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று மங்கம்மாவும் குனிந்தாள். அவ்வளவுதான். வேனுக்குள் யாரோ ஒரு பிள்ளை "ரைட்" என்றது. வேனே சேர்ந்துகொண்டது.

"ஐயோ, நான் இங்க கீறன்டா!"

யார் காதில் ஏறும்? இரண்டு கையாலும் குழந்தையைச் செவ்வந்தி பக்கமாகத் தள்ளினாள். அது முட்டி தேய விழுந்து வீறிட்டது. தன் காலை இழுத்துக்கொள்ள மங்கம்மாவுக்கு நேரம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே கம்பி வைத்துக் கட்டினார்கள். கால் நிற்குமா போகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கதிர்வேல் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சத்தியமா ரைட்டுன்னு கேட்டுச்சிக்கா." பாவி, அவன் பொய் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் கரஸ்பாண்டென்ட் பழப் பையோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"மங்கம்மா, போலீஸ்ல வந்து கேப்பாங்க. நீ ரைட் சொன்ன. சொல்லிட்டு, குழந்தை ஷூவப் பாத்துக் குனிஞ்சிட்ட. அவ்வளவுதான். பச்சப் பசங்க பேர எதுக்கு இழுக்கணும்? கதிர்வேலும் புள்ளகுட்டிக்காரன். நீ நல்லாகி வா, வேலை உனக்குத்தான். ஓகேவா?"

சின்னராசு விலாவில் இடித்தான். "ஓகேன்னு சொல்லுடி."

தன் பேச்சுக்காக இத்தனை பேர் காத்திருந்ததை மங்கம்மா இதுவரை கண்டதில்லை. அந்தச் சொல் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று எத்தனை நாள் தவித்தாள்! இப்போது தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிறார்கள். கால்மாட்டில் நின்ற செவ்வந்தியைப் பார்த்தாள்.

"கொயந்த எங்கடி?"

"பள்ளிக்கூடம் போய்க்கீதுக்கா. வேற டிரைவரு வர்றாரு."

"ஆயா யாரு?"

"இன்னும் போடலியாம்." செவ்வந்தியின் குரல் இறங்கிவிட்டது. "காலையில பசங்களேதான் ரைட் சொல்லிக்கினு போச்சிங்க."

அந்நேரம் போலீஸ்காரர் உள்ளே வந்தார். பேனாவைத் திறந்துகொண்டு, "ஏம்மா, ரைட் சொன்னது யாரு, நீதானே?" என்றார். கரஸ்பாண்டென்ட் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"நான் சொல்லல சார்," என்றாள் மங்கம்மா. "நான் சொல்றதுக்கு முன்னியே வண்டிய எடுத்துட்டாங்க. தெனமும் அப்டித்தான் எடுப்பாங்க. இவராண்டயும் சொன்னேன், ஓகேன்னாரு. அதையும் எழுதிக்குங்க."

கரஸ்பாண்டென்ட் எழுந்துகொண்டார். சின்னராசு தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"செவ்வந்தி, நீ இன்னாடி இங்க நின்னுக்கினு கீற? பள்ளிக்கூடம் வுடற நேரம். போ, ஓடு. கொயந்தைய நீயே இட்டுக்கினு வா."

செவ்வந்தி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.