பெண்ணு பாக்கப் பாறை ஏறினது

தேங்கா எண்ணெ மணம் வந்தது. எங்கேருந்துன்னு திரும்பிப் பாத்தா, என் மருமவ பிரியா ஒரு டியூபைப் பிதுக்கி மூஞ்சியில வெள்ளையடிச்சுக்கிட்டு நிக்கா. வெயில் படாம இருக்கதுக்காம். வெயில் படக்கூடாதுன்னா வீட்டுல இருக்கணும் மக்களே. அதுக்கு எதுக்கு ஞாயித்துக்கிழமை காலம்பற கரமனையிலேருந்து காரெடுத்து முக்கோலை வரைக்கும் வந்து ரோட்டோரமா நிக்கணும்?

ஃபேமிலி ஹைக்கிங்னு பேரு. ஒண்ணுமில்ல, குடும்பத்தோட நடக்கது. முக்கோலையில பள்ளத்துல இறங்கி, தோடுன்னா ஓடை, அந்தத் தண்ணி ஓடுற கரை வழியா வாழைக்கு நடுவுல போயி, கடலைப் பிடிச்சு, பாறை மேலயே ஆழிமலைக் கோயில் வரைக்கும். ஏழு குடும்பம் வந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே போல பச்சைச் சட்டை. எனக்கும் ஒண்ணு தந்தாவ. அடுப்படியில கைபிடித் துணிக்கு ஆகும்னு மடக்கி வச்சுக்கிட்டேன். ஆளுக்கு ரெண்டு கம்பு வேற. "ஆடு எங்க மக்கா?"ன்னு கேட்டேன். ஒருத்தரும் சிரிக்கல்ல. பாதாம்பருப்பு பத்துப் பத்தா பாக்கெட். ஒரு மணிக்கூறு நடக்கதுக்குப் பத்துப் பருப்பு! நடக்கதுக்கு முன்னால நடக்கப் பழகணும்னு சொல்லி எல்லாரும் கையையும் காலையும் உதறினாவ. சாமி வந்து ஆடுறதுன்னா கூட ஒரு மேளம் வேணும், இதுக்கு அதுவும் வேண்டாம்.

கூட்டிட்டுப் போக ஒரு பெண்ணு. கழுத்துல விசில். அவ என் காலைப் பாத்தா. பாத்துட்டு, "அம்மூம்மா காறில இருந்நா மதி, கேட்டோ"ன்னா. பாட்டி காருலயே இருந்தா போதுமாம்.

எனக்கு இடது கால் வலது காலைவிட ரெண்டு விரக்கடை குட்டை. பிறக்கும்போதே அப்படித்தான். இடது காலை விரல்ல ஊணித்தான் வைப்பேன். நடந்தா காத்துல வள்ளம் ஆடுறது போல ஒரு ஆட்டம் வரும். "வயசானவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏத்ததுன்னு நோட்டீசுல போட்டிருக்கியே, நான் எந்தக் கணக்குல வராம போனேன்?"னு கேட்டேன். பிரியா என் கையைப் பிடிச்சு இழுத்தா. அவ போன் எத்தனை அடி நடந்தோம்னு எண்ணுமாம். நான் ரெண்டு அடி வச்சா அது ஒண்ணரைன்னு காட்டுமாடின்னு கேட்டேன். "அம்மா, சும்மா இருங்க"ன்னா. சும்மா இருக்கத்தான் வீடு இருந்ததே.

சொல்ல வந்தது அந்தத் தேங்கா எண்ணெ மணம். பிரியா டியூபு மணத்துல எனக்குப் பாக்கியம் அத்தை ஞாபகம் வந்துட்டு. எங்க அப்பாவுக்கு அக்கா. பெண்ணு பாக்க ஆளு வருதுன்னா என் தலையில ஒரு கரண்டி எண்ணெயைக் கவுத்தி, நெத்தியில வழியிறதைத் தொடச்சு என் காலுலயே தேய்ப்பா. "காலு மினுங்கட்டும். மினுங்குறதப் பாக்கவன் நீளத்தப் பாக்கமாட்டான்"பா.

அதெல்லாம் நடக்கல்ல. மூணு கூட்டம் வந்து பாத்துட்டுப் போச்சு. எங்க வீட்டுத் தரை சிவப்புச் சாந்து, கண்ணாடி கணக்கா. அதுல ஒரு எறும்பு நொண்டினாலும் தெரியும். நான் காப்பித் தட்டத்தோட அடுக்களையிலேருந்து கூடத்துக்கு எட்டு அடி வைக்கணும். மூணாவது அடியிலயே டம்ளர் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிரும். வந்தவங்க காப்பியையும் குடிச்சு, பழத்தையும் தின்னு, "கடுதாசி போடுகோம்"னு போவாவ. இன்னும் போட்டுக்கிட்டு இருக்காவன்னு நினைக்கேன்.

வயசு இருபத்தி ரெண்டு ஆச்சு. நாலாவதா கோட்டாத்துலேருந்து ஒரு கூட்டம் வருதுன்னு சொன்னாவ, பாத்திரக்கடைக்காரங்க. அப்பா அத்தைகிட்ட சொன்னது என் காதுல விழுந்தது. "இதுவும் போச்சுன்னா பாறசாலை ஆளுக்கே குடுத்திருவேன்." பாறசாலை ஆளு ரெண்டாந்தாரம் தேடுத ஆளு. அவருக்கு மூத்த மவ என்னைவிட ஒரு வயசு கூடுதல். நான் அவளுக்கு அம்மையா, தங்கச்சியான்னு யோசிச்சே எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல்ல.

அத்தைதான் வழி கண்டா. "வீட்டுல வேண்டாம். கோயில்ல வச்சுப் பாப்போம்னு சொல்லு. முக்கோலையில பஸ்ஸு எறங்கி, தோட்டுக்கரை வழியா வந்து, பாறை மேல போவோம். அந்தப் பாறையில எவனுக்கும் நேரா நடக்க ஒக்காது"ன்னா. முந்தின வாரமே என்னையும் கூட்டிட்டுப் போய் ஒத்திகை பாத்தா. தோட்டுக்கரை ஒத்தையடிப் பாதை. நான் வெக்கப்பட்டுக் கடைசியா வரணும். பாறை வந்தா பயமில்ல. ரெண்டு பாறைக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு எடத்துல முட்டளவு தண்ணி. தண்ணிக்குள்ள காலு யாருக்குத் தெரியும்? இடுப்புல புளிச்சோத்துப் பாத்திரம். இடுப்புல பாரம் இருந்தா எந்தப் பெண்ணும் சாஞ்சுதான் நடப்பா. ராஜாக்கமாரு கோட்டை பிடிக்கக் கூட இவ்வளவு யோசிச்சிருக்கமாட்டாங்க.

மாப்பிள்ளையா அவிய வந்தாவ. அவிய அம்மையும் அப்பாவும் வந்தாவ. அவிய பேரு நான் சொல்லமாட்டேன். சொல்லிப் பழக்கமில்ல. அம்மைக்காரி பட்டுச்சேலையும் புதுச் செருப்புமா வந்தாவ, பாறைக்கு ஏதோ கல்யாணம் போல. முதல் பாறையிலயே செருப்பு கடலுக்குப் போச்சு. ரெண்டாவது பாறையில அவியளே போயிருப்பாவ, அத்தை சேலையைப் பிடிச்சு நிறுத்தினா. எங்க அப்பா நாலு காலுல வந்தாவ. அவிய அப்பா, "இது என்ன கோயிலு, சாமி கும்பிட வந்தா சாமிகிட்டயே கொண்டு சேத்துரும் போலிருக்கே"ன்னு முனகிக்கிட்டே வந்தாவ. எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல. பிறந்தது முதல் பாத்துப் பாத்து அடி வைக்கவளுக்குப் பாறை என்ன, பந்தல் என்ன? நான் பாத்திரத்தோட முன்னால போயிட்டேன். பத்தடி பின்னால அவிய.

தண்ணி இருந்த எடத்துக்கு வந்து பாக்கேன், தண்ணியக் காணோம். கடல் உள்ள போயிட்டு! ஈர மணலு, நாப்பது அடிக்கு, எங்க வீட்டுச் சாந்துத் தரை போலயே கெடக்கு. நாங்க கரமனைக்காரங்க, ஆத்தங்கரை ஆளுக. ஆறு வத்தினா பைய வத்தும், மாசக்கணக்காகும். கடல் காலம்பற ஒரு மாதிரி, உச்சைக்கு ஒரு மாதிரின்னு அத்தைக்கும் தெரியல்ல, எனக்கும் தெரியல்ல. அவ்வளவு பெரிய மூளைக்காரி, இதுல கவுந்தா.

அவிய பாறையிலேருந்து எறங்கதுக்கு முன்னால போயிரணும்னு வேகமா நடந்து அக்கரைப் பாறையில ஏறிட்டேன். தப்பிச்சோம்னு மூச்சு விட்டுத் திரும்பினா, மணலு முழுக்க என் காலு. வலது கால் முழுசா, கோலத்துல போட்டது போல. இடது கால் அஞ்சு விரலு மட்டும். ஒரு முழுக்காலு, ஒரு அரைக்காலு, ஒரு முழுக்காலு, ஒரு அரைக்காலு. நான் ரெண்டாங் கிளாஸோட நின்னவ. ஆனா அந்த எழுத்த எவனும் வாசிச்சிரலாம்.

அவிய எறங்கினாவ. நின்னாவ. குனிஞ்சு பாத்தாவ. அப்புறம் நிமிந்து என்னைப் பாத்தாவ. நான் பாத்திரத்த இறுக்கிப் பிடிச்சேன், பாறசாலை ஆளு என் கண்ணு முன்னால வந்து நின்னாரு. பின்னால அம்மைக்காரி அத்தை தோளைப் பிடிச்சு எறங்கது தெரியுது.

அவிய நடந்தாவ. எட்டி எட்டி, என் அரைக்காலு மேல மட்டும் காலை வச்சு, வச்ச எடத்துல ஒரு திருகு திருகி. ஒண்ணு விடல்ல.

"ஏல, குரங்கு போல எதுக்குத் தாவுதே?"ன்னு அம்மைக்காரி கத்தினாவ.

"நண்டும்மா. கடிக்குது."

"நண்டா? எங்கல?"

"பூராவும் நண்டுதான். ஓரமா வாங்க."

அம்மைக்காரி ஐயோன்னு சேலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, மணலுக்கே வராம, பாறையோரமா சுத்தி வந்தாவ. வந்து மூச்சு வாங்கிக்கிட்டே என் புளிச்சோத்துல பாதியத் தின்னாவ. தின்னுட்டு, "பெண்ணு நல்ல ஒதுக்கமான நடை"ன்னு அத்தைகிட்ட சொன்னாவ. அத்தை அன்னைக்குச் சிரிப்பை அடக்கினதுலதான் அவளுக்கு மூச்சுப் பிடிப்பு வந்ததுன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

கல்யாணம் முடிஞ்சு மூணாம் நாளு கோட்டாத்து வீட்டுல மாமியாரு பாத்துட்டாவ. "ஏட்டி, உன் காலுல என்ன?" நான் சேலையக் கீழ இழுத்து விட்டேன். அவிய கணக்கு எழுதுன பேனாவ வைக்காமலே, "பாறையில சுளுக்கினதும்மா, சரியாயிரும்"னாவ. மாமியாரு சாகும் வரைக்கும் எனக்கு அந்தச் சுளுக்குக்குத் தைலம் தந்தாவ. ஆரு வந்தாலும், "அந்தப் பாழாப்போன பாறைக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போனது என் தப்பு"ன்னு கண்ணைத் தொடைப்பாவ. என்ன தைலம் தேச்சாலும் ரெண்டு விரக்கடை ரெண்டு விரக்கடைதான்.

கரமனைக்குத் திரும்பி வந்து கடை போட்டு, பிள்ளையும் பெத்த பெறகு ஒரு நாளு கேட்டேன். "அன்னைக்கு எதுக்கு அழிச்சிய? பாவம் பாத்தா?" அவிய வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாவ: "பாவமா? அன்னைக்கு வந்ததுல விழாதது நீ ஒருத்திதான்டி."

இந்த ஞாயித்துக்கிழமை தோட்டுக்கரையில பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன் வாழைச் சேத்துல சறுக்கி ஒக்காந்தான். கம்பு ரெண்டும் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். விசில்காரி விசிலடிச்சா, என்னத்துக்குன்னு தெரியல்ல. நான் அவனைச் சுத்திக்கிட்டு முன்னால போனேன். பாறைக்குப் போயிட்டா இவங்க எல்லாரையும் ஒரு கை பாத்துரலாம்னு உள்ளுக்குள்ள ஒரு குசும்பு.

பாறை எங்க இருக்கு? மேல சிமெண்ட் போட்டு, ஓடு பதிச்சு, கைபிடிக் கம்பி வச்சு, கோயில் வரைக்கும் கல்யாண மண்டபம் போல கெடக்கு. மணலு இருந்த எடத்துல கருங்கல்லக் கொட்டி அடைச்சிருக்கு. "அம்மூம்மே, இனி ஈஸியாணு"ன்னா விசில்காரி. எல்லாரும் கம்பை மடக்கிப் பையில வச்சு, நிமிந்து, நேரா, ஜோரா போறாவ, கீழ கூட பாக்காம. ஏழு குடும்பத்துல நொண்டினது நான் ஒருத்திதான்.

பாதியில நின்னு திரும்பிப் பாத்தேன். பிரியா, "என்ன தேடுதிய?"ன்னு கேட்டா. ஒண்ணுமில்லன்னேன். ஓட்டுல என் காலு பதியவே இல்ல. அழிக்க ஒருத்தருக்கும் வேலையும் இல்ல.