நிலக்கடலையோடு ஏலம் போன இழுப்பறைகள்

சித்தூர் தேவசகாயம் அண்ணன் காலமாகிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை திருப்பதியிலிருந்து அவர் மகள் போன் செய்தபோது கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பாகாலா ரயில் நிலையத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தூர் கிறிஸ்தவ சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வரும் பொருள்களை ஏலம் விடுவார்கள். அண்ணன் கூவினால் ஒரு பூசணிக்காய் அரிசி மூட்டை விலைக்குப் போகும். பழைய மரச்சாமான் வியாபாரியான நான் அதைக் கேட்கவே வருடாவருடம் போவேன்.

இது நடந்தது, பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா பறந்துகொண்டிருந்த காலம். வீட்டை விற்றுவிட்டுப் போன ஒரு குடும்பம், வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன அலமாரியைச் சபைக்குக் கொடுத்திருந்தது. நான் பந்தலுக்குள் நுழைந்தபோது மாதர் சங்கத்தார் அதன் சின்னச் சின்ன இழுப்பறைகளை உருவி, நிலக்கடலை நிரப்பி, தனித்தனியாக ஏலத்துக்கு வைத்திருந்தார்கள்.

ஓர் இழுப்பறையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கருங்காலியில் முத்துச்சிப்பியும் வண்ண மரமும் பதித்த பூக்கள், பறவைகள்! முந்நூறு வருடத்துக்கு முந்தைய பரோக் காலத்து ஐரோப்பியச் சீமான்கள் சங்கும் நாணயமும் அபூர்வக் கற்களும் சேர்த்துவைக்கச் செய்துகொண்ட அலமாரி. பெங்களூரில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஓர் இழுப்பறை குறைந்தாலும் அது வெறும் பழைய மரம். மூன்று ஏற்கெனவே விலைபோயிருந்தன.

மிச்சத்துக்கெல்லாம் நானே கேட்டேன். அண்ணன் கூவுவதை நிறுத்தினார்.

"இன்னாடா மணி, கடலையே துன்னாத ஊர்லேர்ந்து வந்தியா?"

சபை சிரித்தது.

"எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேண்ணே."

"வாய் கடலைன்னுது, கண்ணு பொட்டியையே பாத்துக்கினு கீது. இன்னா விசயம்? ஜனத்துக்கு முன்னால சொல்லு."

சொல்லாவிட்டால் போன மூன்றும் திரும்பாது. சொன்னால் என் லாபம் போகும். சொல்லிவிட்டேன்.

"ஐயையோ, அதுல பூண்டு காயவெச்சேனே!" என்றார் சங்கத் தலைவியம்மா.

இரண்டு பந்தலிலேயே திரும்பின. மூன்றாவது புத்தலப்பட்டு பஸ்ஸில் ஏறிவிட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆபண்டி, பஸ்ஸு ஆபண்டி!" என்று தெலுங்கில் கத்தியபடி ஓடினார். பின்னாலேயே நான். ஜன்னலோரத்து அம்மா கடலையை மடியில் கொட்டிக்கொண்டு இழுப்பறையை நீட்டினார்: "கடலைய திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

போய் வாருங்கள் அண்ணே. அன்று இழுப்பறையோடு திரும்பி வந்து மேடையேறி, மூச்சிரைக்க நீங்கள் கூவியது இன்னும் என் காதில் இருக்கிறது:

"முழுப் பொட்டி, ஒரு டிராயர் கொறையக் கூடாது! பெங்களூர்ல வித்து, செலவு போக, பாதி சபைக்கு, பாதி மணிக்கு. ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!"