தலைசுற்றாத தார்ச்சின்

லடாக்கில் சக்தி என்கிற கிராமத்துத் தார்ச்சினிடம் பெருமைப்பட இரண்டு இருந்தன. ஒன்று அவருடைய வெள்ளை வாடகை வண்டி. இன்னொன்று எந்த உயரத்திலும் சுற்றாத தலை. வண்டியாவது அவ்வப்போது பழுதாகும், தலைக்கு அந்தத் தொல்லையும் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் சொல்லாமல் விட்டால் ஊரில் வேறு யாரும் சொல்வதில்லை என்பதால், அந்தப் பொறுப்பை அவர் தட்டிக்கழித்ததே கிடையாது.

லே நகரிலிருந்து பாங்காங் ஏரிக்குப் போகிற பயணிகளை சாங் லா கணவாய் தாண்டிக் கூட்டிப்போவதுதான் பிழைப்பு. வண்டி நகர்ந்ததும் பிரசங்கம் ஆரம்பமாகிவிடும்.

"வந்து எறங்குன சூட்டோட மலை ஏறக்கூடாது. ரெண்டு நாள் சும்மா படுத்துக் கெடக்கணும். மேல போனா ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது."

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணாதாண்ணே?" என்று யாராவது கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் பிரசங்கமே.

"எங்க நுரையீரல் வேற சரக்குங்க."

கணவாயில் அதற்கு நிரூபணமும் உண்டு. பயணிகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு நிற்கும்போது, புத்த மந்திரம் அச்சிட்ட துணிக்கொடிகள் கட்டிய மேட்டுக்கு ஒரே ஓட்டமாக ஓடி, அங்கே நின்று சிகரெட் பற்றவைப்பார். வாந்தி எடுக்கிறவர்களுக்கு அன்போடு முதுகைத் தடவிவிடுவார். ஊர் திரும்பியதும், பார்லிக் கள் குடிக்கிற கூட்டத்தில் அவர்கள் எப்படி வாந்தி எடுத்தார்கள் என்பதை அதே அன்போடு நடித்துக் காட்டுவார்.

அவர் மனைவி யாங்டோல் சாங்தாங் மேட்டுநிலத்து ஆட்டிடையர் வீட்டுப் பெண். சிறுமியாக ஆடுகளோடு அந்தக் கணவாயை நடந்தே தாண்டியவள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. வீட்டில் மலையைப் பற்றிப் பேச ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார்.

ஒரு குளிர்காலத்தில் தார்ச்சின் டில்லிக்குப் போனார். தம்பி அங்கே உணவு விடுதி வைத்திருந்தான். பனிக்காலம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து மோமோ தின்றார். வயிறு ஒரு சுற்றுப் பெருத்தது. சாலை திறந்த செய்தி வந்ததும் விமானம் ஏறி லேயில் இறங்கினார். மறுநாள் காலையே புனேயிலிருந்து வந்திருந்த தம்பதியை ஏற்றிக்கொண்டார். கணவர் மகரந்த், மனைவி மதுரா. தார்ச்சின் டில்லியிலிருந்து தொலைபேசியில் சொன்னபடி இரண்டு நாள் படுத்துக்கிடந்து எழுந்து வந்த சமர்த்துப் பிள்ளைகள். வழியில் சக்தியில் யாங்டோலும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கணவாய்க்கு அப்பால் தாங்சேயில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"நேத்துதானே வந்து எறங்குனே? அந்த ரெண்டு நாள் படுக்கை உனக்குக் கெடையாதா?" என்றாள்.

"அது வெளியூர்க்காரங்களுக்கு."

"டில்லியில கெடந்தவன் உள்ளூர்க்காரனா?"

தார்ச்சின் பாட்டுப் போட்டார். வளைவுகள் ஏற ஏற, பாட்டின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் பிரசங்கமும் நின்றது. எஞ்சின் புகை உள்ளே வருவதாகச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினார். புகை வேறு யாருக்கும் வரவில்லை.

கணவாயில் வெயிலில் பனி கண்ணைக் கூசவைத்தது. தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். தார்ச்சினுக்கு நெற்றிக்குள் யாரோ உளியடிப்பது போலிருந்தது. அந்த நேரம் பார்த்து மதுரா, "மேல ஓடுவீங்கன்னு சொன்னீங்களேண்ணே?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபின் ஓடாமல் இருக்க அவர் என்ன சாதாரண மனிதரா?

ஓடினார். பாதி மேட்டில் பனியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து, டில்லி மோமோக்கள் அனைத்தும் வெளியே வந்து சாங் லாவைச் சுற்றிப் பார்த்தன.

மகரந்த் தன் பிராணவாயு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "இதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வாங்குறது" என்று காலையில்தான் அதைத் தார்ச்சின் கிண்டலடித்திருந்தார். இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பால்புட்டி கிடைத்த குழந்தைபோல் உறிஞ்சினார். யாங்டோல் வந்து முதுகைத் தடவினாள்.

"வேற சரக்கு நல்லாத்தான் வேலை செய்யுது."

"சாகப்போறேன் யாங்டோல்."

"சாகமாட்டே. கீழ எறங்குனா சரியாயிடும். சாவியக் குடு."

தார்ச்சின் டப்பாவை முகத்திலிருந்து எடுத்தார். "உனக்கு டிராக்டர்தானே ஓட்டத் தெரியும்?"

"அதுக்கும் இதே மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கு, திருப்புனா திரும்புது. எந்திரி."

அவரைப் பின் இருக்கையில் தம்பதிக்கு நடுவே உட்கார வைத்தார்கள். யாங்டோல் தாங்சே பக்கமாக வண்டியை இறக்கினாள். வயலை உழுகிற வேகம். பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பின; அவள் நிதானமாகக் கையசைத்து வழிவிட்டாள். அந்த வேகத்தில் தம்பதிக்கு எல்லாம் தெரிந்தது: வளைக்கு வெளியே வெயில் காய்ந்த, மர்மோட் என்கிற குண்டு அணில்கள், உருகி ஓடும் நீரில் வாய்வைத்த யாக் மாடுகள். தார்ச்சின் வண்டியில் வழக்கமாகப் பயணிகள் பார்ப்பது தார்ச்சினைத்தான்.

"அக்கா, நீங்களே ஏரி வரைக்கும் ஓட்டுறீங்களா?" என்றாள் மதுரா.

நடுவிலிருந்து ஒரு முனகல் வந்தது. வலியால் என்று மூவரும் எடுத்துக்கொண்டார்கள்.

தாங்சேக்குள் நுழைந்தபோது தலைவலி பாதியாகியிருந்தது. மைத்துனி உப்பு வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டே, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டாள். தார்ச்சின் மனைவியைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்று கண்ணாலேயே கேட்டார்.

"டில்லிச் சாப்பாடு ஒத்துக்கலையாம்," என்றாள் யாங்டோல், குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு. பொய்யும் இல்லை.

அவருக்கு இரண்டு நாள் படுக்கை அங்கேயே கிடைத்தது. தம்பதியை ஏரிக்குக் கூட்டிப்போய் வந்தது யாங்டோல். அந்தக் கோடையில் அவள் உரிமம் எடுத்தாள். லேயில் இப்போது பயணிகள் பெயர் சொல்லி அவளையே கேட்கிறார்கள். தார்ச்சினும் கேட்கப்படுகிறார், அவள் வேறு சவாரியில் இருக்கும்போது.