டயர் கடைக்காரரின் குண்டுப் பிள்ளை

டயர் கடைக்காரருக்கு ஒல்லிப் பிள்ளைகளைப் பார்த்தாலே இளக்காரம். "பெத்தவங்க சோறு போடுறாங்களா, காத்து அடிச்சு விடுறாங்களா?" என்று வாய் கூசாமல் கேட்பார். சின்ன வயதில் அவரே எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்தான். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, நாலு வயது மகனின் வாயை ஓய விடுவதே இல்லை. பிஸ்கட் தீர்வதற்குள் சாக்லேட் வரும், சாக்லேட் தீர்வதற்குள் ஜூஸ் பாட்டில் வரும். கடைக்கு வருகிறவன் பையனின் கன்னத்தைக் கிள்ளி மெச்சாவிட்டால் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

மழலையர் பள்ளியில் பிள்ளைகளைச் சோதிக்க வந்த டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "பையன் எடை ரொம்ப அதிகம், குறைச்சே ஆகணும்" என்றார். அப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"படிச்ச மனுஷன் பச்சப்புள்ள மேல கண்ணு வைக்கலாமா?"

சீறிவிட்டு, மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். நடக்க விட்டால் நாலு எட்டில் பையனுக்கு மூச்சு வாங்குமே!

கடை வாசலில் பாரம் பிதுங்க ஒரு லாரி நின்றது. மகனை டயர் அடுக்கின் மேல் உட்கார வைத்து, கையில் சிப்ஸ் பாக்கெட்டைத் திணித்துவிட்டு, டிரைவர் மேல் பாய்ந்தார்.

"எவ்வளவு எடை தாங்கும்னு டயர்லயே எழுதியிருக்கே, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இப்படி ஏத்தினா பாவம், அது எத்தனை நாளைக்குய்யா தாங்கும்?"

பிள்ளையின் முழங்காலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும், எவனோ கண்ணு வச்சு எழுதிட்டான் என்று மகராசன் அழித்துப் போட்டிருப்பார்.