எட்டு வருடம் இருபத்தாறு வயது

எண்பத்துநான்காம் ஆண்டு மாசி மாதம் கணக்கெடுப்புக்காரர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அம்மா அதை உள்ளபடியே சொன்னார். அடுத்த ஏழு வருடமும் அதையே சொன்னார்.

யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. அப்பா காலமாகிவிட்டதால் அம்மாதான் குடும்பத் தலைவர், நான் இரண்டாம் ஆள், என்னிலும் ஐந்து வயது இளைய தம்பி மூன்றாம் ஆள். வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வந்த அந்த இளைஞர் எங்களுக்கு நோக்கத்தை விளக்கினார். தெரிந்தெடுத்த நாற்பது வீடுகள், வருடத்துக்கு ஒரு தடவை அதே கேள்விகள், பத்து வருடத்துக்கு. யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன வேலை, என்ன வருமானம். ஒரு குடும்பம் காலத்தோடு எப்படி மாறுகிறது என்று கணக்கெடுப்புத் திணைக்களத்தின் தலைமையகம் அறிய விரும்புகிறதாம்.

"நல்ல குடும்பம் ஏன் தம்பி மாறப்போகுது?" என்று அம்மா கேட்டார்.

அம்மாவின் மூளை அதற்குள் வேறு பக்கம் ஓடிவிட்டது. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். தரகருக்கு ஒவ்வொரு வருகைக்கும் பஸ் காசு கொடுக்க வேண்டும், வெற்றிலை வைக்க வேண்டும், அவர் கொண்டுவரும் மாப்பிள்ளைகளைப் பார்த்துக் கோபப்படாமலும் இருக்க வேண்டும். இந்த இளைஞரோ நாற்பது வீடு ஏறி இறங்குகிறார், ஒரு சதம் கேட்கவில்லை, போதாததற்கு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். இப்படி ஒரு தரகர் யாருக்குக் கிடைப்பார்? அம்மா அவருக்குப் பால்தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் வைத்தார்.

"நீங்கள் சொல்லுறது ஒண்டும் வெளியில போகாது அம்மா. அவ்வளவும் இரகசியம்" என்றார் அவர்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஒருத்தருக்குமே சொல்ல மாட்டியளோ?"

"ஒருத்தருக்கும் இல்லை."

ஆனாலும் அம்மா நம்பிக்கையை விடவில்லை. நாற்பது வீட்டுத் தேத்தண்ணி குடிக்கிற மனிதன் வாயைக் கட்டிக்கொண்டிருப்பான் என்று நம்புவதற்கு அவர் என்ன நேற்றுப் பிறந்த குழந்தையா? அதனால் எங்கள் வீட்டுப் பதில்கள் எல்லாம் தலைமையகத்துக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. அவை எங்கோ இருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்காகச் சொல்லப்பட்டவை.

அப்படித்தான் என் வேலையும் போயிற்று. அந்தத் தை மாதத்திலிருந்து நான் பக்கத்துப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. நாலாம் வகுப்பு உண்டு, நாற்பத்தொரு பிள்ளைகள் உண்டு, வெண்கட்டித் தூசும் தொண்டைக்கட்டும் உண்டு. என்றாவது ஒரு நாள் நிரந்தர நியமனம் வரும் என்ற பேச்சும் உண்டு. கணக்கெடுப்புக்காரர் "மகள் வேலை செய்யிறாவோ?" என்று கேட்டபோது அம்மா வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சம்பளமில்லாத உத்தியோகம் என்று வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும்.

"இல்லைத் தம்பி. அவள் வீட்டோடைதான் இருக்கிறாள்."

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க வந்த நான் அதைக் கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது.

மூன்றாம் வருடம் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"அம்மா, போன வருசமும் இருபத்தாறு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"போன வருசம் பிழையாய்ச் சொல்லிப்போட்டன் தம்பி. இந்த வருசந்தான் சரி."

அவர் எழுதிக்கொண்டார். அம்மா சொன்னால் எழுதுவதுதான் அவர் கற்ற முறை. நாலாம் வருடத்திலிருந்து கேட்கவும் இல்லை, அவராகவே இருபத்தாறு என்று எழுதிவிட்டு அம்மாவைப் பார்ப்பார். அம்மா தலையாட்டுவார். அதற்குள் அவருக்கே இருபத்தேழு ஆகிவிட்டது. என்னை அக்கா என்று கூப்பிடுவதை அம்மா உடனே நிறுத்தச் சொன்னார்.

"உங்களிலும் ஒரு வயசு குறைஞ்ச பிள்ளையை அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ தம்பி. கேக்கிறவை என்ன நினைப்பினம்?"

பாவம், அன்றிலிருந்து அவர் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

என் தம்பியின் வயதை மட்டும் அம்மா நிறுத்த மறந்துவிட்டார். ஆண்பிள்ளைக்கு வயது ஏறினால் நட்டமில்லை என்பது ஊர் வழக்கம். எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தாளில் நானும் அவனும் இரட்டைப் பிள்ளைகள். அடுத்த வருடம் அவன் எனக்கு மூத்தவன். வேலை செய்யும் சைக்கிள் கடையிலிருந்து வந்து நிற்கும்போதே தொடங்குவான்.

"தங்கச்சி, அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வா பாப்பம்."

மாறாத குடும்பம் என்று அம்மா சொன்னது தாளைப் பொறுத்தவரை உண்மைதான். வெளியே என்னென்னவோ மாறிக்கொண்டிருந்தன, அவற்றுக்குப் படிவத்தில் இடம் இல்லை. வீட்டில் எத்தனை அறை என்று ஒரு கேள்வி. ஷெல்லுக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டிய பங்கரையும் சேர்ப்பதா என்று அம்மா கேட்டார். கணக்கெடுப்புக்காரர் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, கூரை இருந்தால் அறை என்றார். கூரையாகப் பனங்குற்றியும் மண்மூட்டையும் இருந்தன. எங்கள் வீடு ஒரு அறை வளர்ந்தது. தலைமையகத்தில் யாரோ எங்கள் முன்னேற்றத்தைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்கள்.

தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டபோது நீர்வேலிக்கு ஓடினோம். வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒரு உறவினர் வீட்டின் பின்விறாந்தை கிடைத்தது. ஓடும்போது அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்தவை இரண்டு: அவருடைய தாலிக்கொடி, என் பிறப்புச் சான்றிதழ். இரண்டையும் பிறர் கண்ணில் படாமல் காப்பதே அவர் வாழ்க்கையாக இருந்தது. எங்கள் பாடசாலை ஷெல் விழுந்து எரிந்தது. ஆசிரியர்களின் வரவு பதியும் இடாப்பும் சம்பவப் புத்தகமும் அதோடு போயின. அதிபர் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. நான் நீர்வேலியில் மாமரத்துக்குக் கீழே நடந்த இடம்பெயர்ந்த பாடசாலையில் அதே நாலாம் வகுப்பைத் தொடர்ந்து படிப்பித்தேன்.

அடுத்த மாசியில் கணக்கெடுப்புக்காரர் எங்களைத் தேடிப் பிடித்துவிட்டார். அந்த விடாமுயற்சியை என்னவென்று சொல்வது? மின்சாரம் உண்டா என்று கேட்டார். குடாநாடு முழுவதும் இருட்டு, அவரும் இருட்டில் இருந்துதான் வந்தார், என்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். பிறகு இருபத்தாறு என்று எழுதி, வேலை இல்லை என்று எழுதி, வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டுப் போனார்.

தொண்ணூற்றிரண்டு தையில், எட்டு வருடமாகப் பேச்சாக இருந்த நியமனம் உண்மையாகவே வந்தது. தொண்டர் ஆசிரியர்களை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. எனக்கு முப்பத்திநான்கு. இதை விட்டால் எனக்கு இன்னொரு நேர்முகம் இல்லை என்பது விரல் விட்டு எண்ணாமலே தெரிந்தது. விண்ணப்பம் வாங்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த எழுதுவினைஞர் தன்மையாகத்தான் பேசினார்.

"படிப்பிச்சதுக்கு ஏதும் எழுத்தில இருக்கோ பிள்ளை? இப்ப எழுதி வாங்கிற கடிதம் எடுபடாது. அந்தந்த வருசத்திலயே எழுதினதாய் இருக்க வேணும்."

வீட்டுக்கு வந்து அழுதேன். தம்பிதான் திடீரென்று நிமிர்ந்தான்.

"கணக்கெடுப்புக்காரரிட்டை எல்லாம் இருக்குமெல்லே? வருசா வருசம் எழுதினவர். எங்கடை வீட்டுச் சரித்திரமே அவரிட்டைதான் கிடக்கு."

அன்று நான் பட்ட சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தம்பி வட்டுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்தான். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கணக்கெடுப்புக்காரர் எட்டு வருடக் காபன் பிரதிகளையும் பத்திரமாகப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஊரே எரிந்த காலத்தில் ஒரு மூலைகூட மடங்கியிருக்கவில்லை. விறாந்தையில் பாயை விரித்து ஒவ்வொன்றாக வைத்தார்.

இரண்டாம் ஆள். வயது 26. வேலை: இல்லை.

அடுத்த தாள். வயது 26. வேலை: இல்லை.

எட்டையும் பார்த்தேன். ஒரு தாளிலாவது அவர் கை தவறியிருக்காதா என்று பார்த்தேன். தவறவில்லை.

"சொன்னதை எழுதிறதுதான், சரியோ எண்டு பாக்கிறேல்லை" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா சுவரில் சாய்ந்து இருந்தார். "நான் என்ன கண்டன்" என்று இரண்டு தரம் சொன்னார். எனக்கு அவர்மீது வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. கோப்பையோடு சிரித்துக்கொண்டு குசினிக்குள் போன என்மீது வந்தது அதிலும் பெரிது. தம்பி எழுந்து போய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான்.

"குடியுங்கோ அக்கா" என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்கா என்றான்.

நேர்முகத்துக்கு வெறுங்கையோடு போனேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மாசியில் கணக்கெடுப்புக்காரர் வழமைபோல வந்தார். வாசலில் தயங்கி நின்றவரை அம்மாதான் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, அந்தப் பழைய எட்டையும் வெட்டிப்போட்டுத் திருத்தி எழுதுங்கோ."

"போன வருசத்தைத் திருத்த ஏலாது அம்மா. இந்த வருசத்தை மட்டுந்தான் எழுதலாம்."

"அப்ப இந்த வருசத்தை எழுதுங்கோ. மகளுக்கு வயசு முப்பத்திநாலு. வேலை ரீச்சர். எட்டு வருசமாய் ரீச்சர்."

இதை அம்மா வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, சத்தமாக. என் வயதை அவர் வாயிலிருந்து ஊர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. கலியாணப் பேச்சு அந்த இடத்தில் முடிந்தது என்பது எனக்கும் விளங்கியது, அவருக்கும் விளங்கியது. எனக்கு அம்மாமேல் இருந்த கோபமும் அதோடு போய்விட்டது.

கணக்கெடுப்புக்காரர் பேனையை வைத்துக்கொண்டு தடுமாறினார். "சம்பளம் இல்லையெண்டால் வேலை எண்டு எழுதேலாது அம்மா. விதி அப்பிடி."

"விதியை நாளைக்கு எங்கடை மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாலாம் வகுப்பை அது ஒருக்காப் பாக்கட்டும்."

அவர் எழுதினார். ஓரத்தில், சின்ன எழுத்தில், ஆனாலும் எழுதினார்.

தரைப்பாதை மூடிக் கிடந்ததால் படிவங்கள் பொலித்தீன் பையில், படகில், கிளாலிக் கடலைக் கடந்து தலைமையகத்துக்குப் போயின. ஆவணியில், அதே வழியாக, தலைமையகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கென்றே ஒரு வினவல் வந்தது. எட்டு வருடம் ஏறாத வயதைக் கவனிக்காதவர்கள், ஏறிய வயதை உடனே கவனித்துவிட்டார்கள். கணக்கெடுப்புக்காரர் தாளை நீட்டினார். இரண்டாம் ஆளின் வயது ஒரே வருடத்தில் எட்டு வயது கூடியுள்ளது, இது நடக்க முடியாதது, சரிபார்த்து அனுப்பவும் என்று இருந்தது.

"என்னெண்டு எழுத, அக்கா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கணக்கெடுப்புக்காரர் கையிலிருந்து பேனையை வாங்கி, கரும்பலகையில் எழுதுகிற வடிவான எழுத்தில் நானே எழுதினேன்: சரிபார்த்தாயிற்று. நடந்தது.