பக்கத்து சீட்டில் நம்ம பையன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார் ஓட்டும் ட்ராக் ஒன்றின் ஓரத்தில் காலை முழுதும் வெயிலில் நின்றேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்பீர்கள். ஓட்டியது நானல்ல… என் மகள் சுமதி.

சுமதி திருச்செங்கோட்டில் ஒரு பள்ளியில் டீச்சர். நன்றாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவள். இரண்டு வருடங்களுக்கு முன், சங்ககிரி பைபாஸில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, அதன் பின்னால் போய் மோதினாள். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். எங்களுக்குப் பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பள்ளிக்கு பஸ்தான்.

இந்த ட்ராக்கைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சோளக்காட்டு நடுவே யாரோ தனியாகப் போட்டது. நம் காரையே கொண்டுபோய் ஓட்டிப் பழகலாம். இடது சீட்டில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லித் தருவார்.

“லாரியே இல்லாத ரோடுங்ப்பா!” என்றாள். வெகுநாள் கழித்து அவள் எதற்கோ ஆசைப்பட்டாள்.

அங்கே அவளுக்கு ஒதுக்கியிருந்தது கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரரை. மெதுவாகப் பேசினார். “மொதல்ல சும்மா உருட்டிப் பார்க்கலாம்மா” என்றார்.

அப்போதுதான் நான் கார்த்தியைப் பார்த்தேன். என் சித்தப்பாவின் பேரன். கார் ரேஸ் ஓட்டுகிறவன். அவனும் அன்றைக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர்!

நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் எல்லாரிடமும் இருக்கும் வியாதி எனக்கும் உண்டு. எங்கே போனாலும் ‘நம்ம ஆள்’ யாராவது இருக்கிறாரா என்று தேடுவோம். இருந்தால், விடமாட்டோம். அன்றைய பயிற்சியை ஏற்பாடு செய்த பெண்ணிடம் போய், “நம்ம பையன் இருக்கறானுங்களே, அவனையே போட்டுடுங்க” என்றேன். அவர் தயங்கினார். “அவரு வேகமா ஓட்டறவங்களுக்குச் சொல்லித் தர்றவருங்க ஐயா…” நான் கேட்கவில்லை. சுமதியையும் கேட்கவில்லை.

கார் கிளம்பியது. ஒவ்வொரு வளைவிலும் கார்த்தியின் குரல் வெளியே வரை கேட்டது. “அமுத்துங்க அக்கா! இங்க போயி எதுக்கு பிரேக்கு? விடுங்க, விடுங்க!” அவன் கை நடுநடுவே ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியது. கத்தக் கத்த, கார் இன்னும் மெதுவாகத்தான் போனது.

இடைவேளையில் சுமதி, ட்ராக்கில் கட்டாயம் என்று மாட்டிவிட்ட ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

“அப்பா, வேற ஆளக் கேளுங்களே.”

“இன்னும் ஒரு ரவுண்டுதான சாமி. அட்ஜஸ்ட் பண்ணிக்க. கார்த்தி தப்பா நெனச்சுக்குவான்.”

“முடியலீங்ப்பா. அன்னிக்கு நீங்க கத்துன மாதிரியே கத்தறான்.”

அன்று லாரி நின்றபோது நான் ‘பிரேக்கு, பிரேக்கு’ என்று கத்தியது உண்மை. அந்தச் சத்தத்தில்தான் அவள் கால் உறைந்துபோனதா? இரண்டு வருடமாக அவள் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன். கார்த்தி மனம் நோகும் என்பது பாதிக் காரணம்தான். அவள் சொன்னது என்னைச் சுட்டுவிட்டது. “எல்லாத்துக்கும் நாந்தானா? போயி ஓட்டு” என்றேன்.

போனாள். பாதி ட்ராக்கில் கார் நின்றது. சிவப்புக் கொடி காட்டி மற்ற கார்களை நிறுத்தினார்கள். சுமதி இறங்கி, தலையில் ஹெல்மெட்டோடு, எல்லாரும் பார்க்க, ஓரமாக நடந்து வந்தாள். சாவியை என் கையில் வைத்தாள்.

“ஊட்டுக்குப் போலாமுங்ப்பா.”

திரும்பும்போது பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சங்ககிரியைத் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் கார்த்தி என்னைத் தனியாக அழைத்தான்.

“பெரியப்பா, நானே அன்னிக்கு வேற ஆள மாத்தியுடச் சொல்லலாம்னு இருந்தனுங்க. பயந்தவங்களுக்குச் சொல்லித் தர எனக்குப் பொறுமை பத்தாது. நீங்களே கேட்டு வாங்குனீங்க… மாட்டேன்னா தப்பா நெனச்சுக்குவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

எப்படி இருக்கிறது பாருங்கள்! கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு கரித்தாலும், சமையல் சொந்தக்காரர் ஏற்பாடு என்றால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நாம். சாம்பார் என்றால் பரவாயில்லை. தண்ணீர் குடித்தால் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை குடுத்துக்கிட்டீங்க. வண்டிய ஓட்டுனது நானுங்ப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கார் உறை போட்டபடி நிற்கிறது. விற்றுவிடலாம் என்கிறாள். காலையில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன். “வாரேனுங்ப்பா” என்பது மட்டும் கேட்கும்.

அன்றைக்கு அந்தக் கண்ணாடிக்காரரிடமே விட்டிருந்தால்? அவரைத் தேடிப் பிடித்து இன்னொரு முறை கேட்கலாம்தான். சுமதி சம்மதிப்பாளா என்று தெரியவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது; விசாரிக்க வேண்டுமென்றால் கார்த்தியிடம்தான் கேட்க வேண்டும்… கேட்டால், தப்பாக நினைத்துக்கொள்வானோ?